விடிந்ததும் எங்கே போவது? பணி ஓய்வு பற்றி ஓர் எளிய விளக்கம்

என் கணவர் 2018இல் ஓய்வு பெற்றபோது தொழிற்சாலையில் அவருக்குக் கொடுத்த பரிசு ஒரு சுவர்க் கடிகாரம். மாலை, சால்வை, குரூப் போட்டோ, உடன் வேலை பார்த்தவர்கள் வேன் பிடித்து வடசென்னையின் எண்ணூர் நெடுஞ்சாலை வழியாகக் காலடிப்பேட்டை வீடு வரை கொண்டுவந்து விட்ட மரியாதை, பிரியாணி எல்லாம் முடிந்து, மறுநாள் அதை ஆணியடித்து மாட்டினார். முப்பத்தைந்து வருடம் ஷிஃப்டுக்கு ஓடிய மனிதருக்கு, இனி மணி பார்க்கத் தேவையே இல்லாத நாளில் எதற்குக் கடிகாரம் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஐந்து வருடம் கழித்து, மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த நானும் ஓய்வு பெற்றேன். எனக்கும் கடிகாரம்தான் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் இரண்டும் ஓடுகின்றன, மூன்று நிமிட வித்தியாசத்தில்.

‘பணி ஓய்வு’ என்ற சொல்லை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். ஓய்வு என்றால் களைப்புத் தீர உட்காருவது. முப்பது வருடக் களைப்பாகவே இருக்கட்டும், ஒரு மாதம் நன்றாகத் தூங்கினால் தீர்ந்துவிடும். அதற்கு மேல் பதினைந்து, இருபது வருடம் மிச்சம் இருக்கிறது. அது தனியாக ஒரு பருவம். பள்ளிக்குப் போகப் பழகியதுபோல, புகுந்த வீட்டில் இருக்கப் பழகியதுபோல, இதற்கும் பழக வேண்டியிருக்கிறது. எதைப் பழகுவது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொல்லிப் பார்க்கிறேன். வட்டி விகிதம் பற்றி எழுத வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

முதலில் ஒரு பழைய ஆராய்ச்சி. ஆஸ்திரியாவில், வியன்னா நகரத்துக்கு அருகே மரியந்தால் என்று ஒரு சிற்றூர். ஊர் முழுவதும் ஒரே துணி ஆலையை நம்பியிருந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்த நேரத்தில், 1930 வாக்கில், ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்ற இளம் உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அங்கே போய், வேலை போனவர்கள் பகலை எப்படிக் கழிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். கையில் கடிகாரத்தோடு ஜன்னலருகே உட்கார்ந்து, தெருவில் யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆண்கள் மெதுவாகவும் நின்று நின்றும் நடந்தார்கள். பெண்கள் அவர்களைவிட வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் வேலை இருந்தது. நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. காலையிலிருந்து செய்ததை மணிவாரியாக எழுதச் சொன்னபோது, ஒருவருக்கு எழுத ஒன்றுமே அகப்படவில்லை. அதற்குள் மதியமாகிவிட்டது என்று மட்டும் குறித்துக் கொடுத்தார்.

இதைப் படித்தபோது எனக்குக் கண்முன் வந்தது பெரம்பூர். நான் வளர்ந்தது அங்கே பட்டாளம் என்ற பகுதியில். பி அண்ட் சி துணி ஆலையின் சங்குதான் எங்கள் தெருவுக்குக் கடிகாரம். ஒரு சங்குக்கு அடுப்பில் உலை ஏறும், அடுத்த சங்குக்கு ஆண்கள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்கள். 1996இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், காலை ஒன்பது மணிக்குப் பெட்டிக்கடை வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு சிலர் நின்றுகொண்டிருப்பதைப் பார்ப்பேன். எங்கும் போகாதவர்களுக்கு எதற்கு இஸ்திரிச் சட்டை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

வேலை பறிபோவதும் ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல. ஒன்றில் அவமானம், மற்றதில் மாலை மரியாதை. ஆனால் இரண்டிலும் கையைவிட்டு நழுவுகிறவை பெரும்பாலும் ஒன்றுதான். யஹோடா பிற்காலத்தில் அவற்றை ஐந்தாகத் தொகுத்தார். வேலை நமக்குச் சம்பளத்தைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிறது, மற்ற ஐந்தைச் சொல்லாமல் கொடுக்கிறது. நாளுக்கு ஒரு வடிவம். குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள். பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்து முடிக்கும் நோக்கம். இன்னார் என்கிற அடையாளம். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கைகால் அசைந்தாக வேண்டிய கட்டாயம். சம்பளச் சீட்டில் இவை இருக்காது. அதனால் போகும்போது என்ன போயிற்று என்றே தெரிவதில்லை. சம்பளத்துக்குப் பதிலாகப் பென்ஷன் வருகிறது; அதுவும் என்னைப் போல அரசு வேலையில் இருந்தவர்களுக்குச் சரி, என் கணவருக்கு வருவது மூவாயிரத்துச் சொச்சம். மற்ற ஐந்துக்கும் பதில் கேட்டு விண்ணப்பிக்க ஒரு அலுவலகமும் கிடையாது.

கடுகு டப்பா இடம் மாறியது

என் கணவர் ஓய்வு பெற்ற முதல் மூன்று மாதம் எங்கள் வீட்டில் திருவிழா. வெள்ளையடித்தார். பல வருடமாகத் தள்ளிப்போட்ட குலதெய்வக் கோயிலுக்குப் போய் வந்தோம். லீவு கிடைக்காமல் தவறவிட்ட கல்யாணங்களுக்கெல்லாம் சேர்த்து, வந்த பத்திரிகை ஒன்றையும் விடாமல் போனார். ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970களில் ஓய்வுக்காலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டினார். இந்தத் திருவிழாவுக்கு அவர் வைத்த பெயர் தேனிலவு. அதற்கு அடுத்த கட்டம் ஏமாற்றம். பிறகு மனிதர் தன்னைத் திரும்ப ஒழுங்கு செய்துகொள்கிறார், மெல்ல ஒரு நிலைக்கு வருகிறார். எல்லோரும் இந்த வரிசைப்படி போவதில்லை. சிலருக்குத் தேனிலவே இல்லை, சிலரை ஏமாற்றம் எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆனாலும் நான்காவது மாதம் முகம் வாடும்போது, இது நமக்கு மட்டும் வந்த நோயல்ல என்று தெரிந்துகொள்ள இந்தப் பிரிப்பு உதவும்.

எங்கள் வீட்டில் ஏமாற்றம் அடுக்களை வழியாக நுழைந்தது. ஒரு மாலை பள்ளியிலிருந்து வந்து தாளிக்கப் போனால் கடுகைக் காணவில்லை. ஃபிட்டராக இருந்தவர் அல்லவா, அலமாரியைச் சீர்செய்திருந்தார். அடிக்கடி எடுப்பது கைக்கெட்டும் இடத்தில், எப்போதாவது எடுப்பது மேலே. தொழிற்சாலைக் கருவி அறையின் முறை அது. புளி பரணுக்கு ஏறியிருந்தது. “ஒரு நாளைக்கு ஒரு முறைதானே எடுக்கிறாய்?” என்று கேட்டார். டப்பாக்களின் மேல் மார்க்கர் பேனாவால் ‘து.ப.’, ‘உ.ப.’ என்று எழுத்து. மூடி சரியாகப் பொருந்தாத எவர்சில்வர் டப்பா ஒன்றை வெர்னியர் காலிபர் என்ற நுண்ணளவுக் கருவியால் பல இடங்களில் அளந்து, அதன் வாய் 0.6 மில்லிமீட்டர் வட்டம் தவறியிருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டு வைத்திருந்தார்.

நான் கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அந்தத் தாளில் அவருடைய எட்டு மணி நேரம் இருந்தது.

யஹோடா சொன்ன ஐந்தில் முதலில் அறுந்துபோவது எது என்று என்னைக் கேட்டால் நேரம் என்பேன். முதல் ஷிஃப்ட், இரண்டாம் ஷிஃப்ட், நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறினாலும், போயாக வேண்டும் என்பது மாறவில்லை. திங்கட்கிழமை திங்கட்கிழமையாக இருப்பதே யாரோ நம்மை எதிர்பார்ப்பதால்தான். எதிர்பார்க்க ஆளில்லாத வாரத்தில் ஏழு நாளும் ஞாயிறு, அந்த ஞாயிற்றில் ருசி இருக்காது. நாங்கள் இருவரும் வேலைக்குப் போன காலத்தில் ஒரு நாளும் கேட்காதவர், தினமும் காலையில் நான் செருப்பு மாட்டும்போது, “எத்தனை மணிக்கு வருவாய்?” என்று கேட்கத் தொடங்கினார். அன்பு என்று நினைத்து மகிழ்ந்தேன். அன்பும்தான், ஆனால் அவருடைய நாளில் மிஞ்சியிருந்த ஒரே மணி அது.

இதற்காகக் காலை ஐந்து முதல் இரவு பத்து வரை அட்டவணை போட வேண்டியதில்லை. அப்படிப் போட்டவர்கள் இரண்டாம் வாரமே கிழித்ததைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நேரங்களை மட்டும் அசையாமல் நிறுத்தினால் போதும். ‘நேரம் கிடைத்தால் நூலகத்துக்குப் போவேன்’ என்பது நடக்காது. ‘செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு’ என்றால் நடக்கும். நீங்கள் போகாத நாளில் ஒருவராவது, ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை பொழுதுபோக்குக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்விதான். கிளை நூலகத்தின் நாளிதழ் மேசையில் தினமும் அதே நாற்காலியில் உட்காரும் பெரியவர்களைக் கேலி செய்வார்கள். அவர்களில் ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் நூலகர் விசாரிக்கிறார்.

சங்கம், கேன்டீன், டோக்கன்

மனிதர்கள் குறைவது உடனே தெரியாது. முதல் வருடம் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் வந்துகொண்டிருக்கும். பிறகு இரங்கல் செய்திக்கு மட்டும் குழு விழித்துக்கொள்ளும். கேன்டீன் மேசையில் இருபது வருடம் எதிரே உட்கார்ந்தவருடைய வீடு மணலியில் எந்தத் தெரு என்று என் கணவருக்குத் தெரியாது. அந்த நட்பு பொய் என்று சொல்லமாட்டேன். அது கேன்டீன் மணியை நம்பி வளர்ந்த நட்பு. வீட்டு நட்பாக அதை மாற்ற வேண்டுமென்றால் வேலையில் இருக்கும்போதே மாற்றியாக வேண்டும். ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்னால் இருப்பவர்கள் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும்: நான்கு பேர் வீட்டுக்கு இப்போதே போய்வாருங்கள்.

வடசென்னையில் தொழிலாளி என்றால் கூட்டத்தில் ஒருவர். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் துணைநிற்க, பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு அமைந்த சென்னைத் தொழிலாளர் சங்கம்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படுகிறது. அந்த வழியில் வந்தவர்களுக்கு வாயிற்கூட்டம், போனஸ் பேச்சுவார்த்தை, ஆயுத பூஜைக்கு எந்திரத்துக்குப் பொட்டு வைத்துப் பொரி பங்கிடுவது எல்லாம் வேலையில் சேர்த்தி. ‘நாங்கள்’ என்று பேசிய வாய் ஓய்வு பெற்ற மறுநாள் ‘நான்’ என்று பேச வேண்டியிருக்கிறது. ஓய்வு பெற்ற வருடத்து ஆயுத பூஜைக்கு என் கணவர் அந்த வெர்னியர் காலிபருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் சாத்தி வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

வெளியே போக வழி இல்லாமலும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. ஐந்து முறை போய்வரலாம். மாதத்தில் ஐந்து முறையாவது, மருத்துவமனைக்கும் வங்கிக்கும் அல்லாமல், ஒரு மனிதரைப் பார்க்கப் பேருந்து ஏறினோமா என்று கணக்குப் பார்க்க அது ஒரு நல்ல அளவு. எனக்கு டோக்கன் வேண்டாம். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம்.

மதிப்பு என்கிற பொருள்

கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர், “சார் என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டால், ஓய்வு பெற்றவர் பதில் சொல்வதற்கு முன் ஒரு கணம் தயங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? ‘செய்துகொண்டிருந்தேன்’ என்று இறந்த காலத்தில் தன்னை அறிமுகப்படுத்துவது லேசான காரியம் இல்லை. உறவினர் ஒருவர் என்னிடம், “டீச்சருக்கென்ன, உட்கார்ந்த இடத்தில் பென்ஷன்” என்றார். அவருக்காக ஒரு தகவல்: 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் என்பது அரசு இரக்கப்பட்டுப் போடும் கொடை அல்ல, செய்த பணிக்காகச் சேரும் உரிமை என்று தீர்ப்பளித்தது. ஓய்வூதியர்கள் அந்த நாளை ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

முதியவர்கள் தாமாகவே உலகத்திலிருந்து விலகிக்கொள்வதும், உலகம் அவர்களை விலக்கிக்கொள்வதும் இயற்கை என்று 1961இல் எலைன் கம்மிங், வில்லியம் ஹென்றி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கொள்கை வைத்தார்கள். அதற்குக் கடும் மறுப்பு எழுந்தது. முன்பு சொன்ன ஆட்ச்லி 1989இல் முன்வைத்த கருத்து எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. முதுமைக்கு நன்றாகப் பழகுகிறவர்களில் பலர் புதிய மனிதராக மாறுவதில்லை. ஏற்கெனவே யாராக இருந்தார்களோ அதையே வேறு உருவத்தில் தொடர்கிறார்கள் என்கிறார் அவர். ஓய்வு பெற்றவரைக் கண்டதும் ‘தோட்டம் போடுங்கள், யோகா கற்றுக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்வது எனக்கு அதனால்தான் பிடிப்பதில்லை. காலடிப்பேட்டை ஒண்டுக்குடித்தனத்தில் தோட்டம் எங்கே போடுவது என்பது இருக்கட்டும். இரும்பை அளந்த கைக்கு ரோஜாச்செடி என்ன சொல்லும்?

எங்களுக்கு வழி மீன் விற்கும் ஒரு அம்மாவின் வடிவில் வந்தது. அவருடைய மகன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்திருந்தான். “டீச்சர், இவனுக்கு ஏதோ அளவு பார்க்க வரவில்லையாம், நீங்கள் கணக்கு டீச்சர்தானே” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்தார். பையன் கையில் நோட்டு, வெர்னியர் படம். எனக்குப் பாடப்புத்தக அளவில் தெரியும். பூஜை அலமாரியில் சாத்தியிருந்ததை எடுத்து என் கணவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன்.

அவர் ஒரு போல்ட்டைக் கவ்விப் பிடித்துப் பையனிடம் நீட்டினார். முதன்மைக்கோலில் 12 மில்லிமீட்டர் தாண்டியிருக்கிறது. கீழே வெர்னியரில் எந்தக் கோடு மேல்கோட்டோடு ஒன்றி நிற்கிறது என்று பார், 17ஆவது. ‘லீஸ்ட் கவுண்ட்’ 0.02. பையன் விழித்தான். “மீச்சிற்றளவு” என்று நான் அடுக்களையிலிருந்து மொழிபெயர்த்தேன். 17ஐ 0.02ஆல் பெருக்கினால் 0.34. ஆக 12.34. பையன் அதே போல்ட்டைத் தானே அளந்தபோது 12.28 வந்தது. “அழுத்தாதே, தொட்டால் போதும். அழுத்தினால் இரும்புகூடப் பொய் சொல்லும்” என்றார். மூன்றாம் முறை 12.34 வந்தது. பையன், “சரியா சார்?” என்று கேட்டான். தொழிற்சாலையில் அவரை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். சார் என்று அவரை அழைத்து நான் கேட்டது அன்றுதான் முதல் முறை.

அடுத்த ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். நேரம், மனிதர்கள், நோக்கம், அடையாளம், கைவேலை என்று யஹோடா எண்ணிய ஐந்தும் அந்தத் திண்ணைக்கு ஒன்றாக வந்து சேர்ந்ததைப் பிறகு படிக்கும்போதுதான் புரிந்துகொண்டேன். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், அடுத்த தலைமுறைக்கு எதையாவது கொடுத்துவிட்டுப் போக நினைப்பதை நடுவயதின் தலையாய தேவை என்றும், வாழ்ந்ததை வாழ்ந்தபடியே ஏற்றுக்கொள்வதை முதுமையின் தேவை என்றும் பிரித்தார். திண்ணையில் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தனித்தனியாகத் தெரியவில்லை.

பணம் பற்றி ஒரே வார்த்தை. செட்டில்மென்ட் தொகை கைக்கு வந்த ஆறு மாதத்துக்கு அதை வைத்துப் பெரிய முடிவு எதுவும் எடுக்காதீர்கள். ஏமாற்றக் கட்டத்தில் இருக்கும் மனிதரிடம் யார் வந்து பேசினாலும் நல்லவராகத் தெரிவார்கள். உடல்நலத்தில், தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடம் நீடித்தால், அல்லது மாலைக் குடி மதியத்துக்கு நகர்ந்தால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற தேசிய எண்கள் இருக்கின்றன.

ஓய்வு தேதியே இல்லாதவர்கள்

இவ்வளவும் ஓய்வு என்று ஒரு நாள் குறிக்கப்பட்டவர்களின் கதை. காசிமேட்டில் கடலுக்குப் போகிறவருக்கு வழியனுப்பு விழா கிடையாது. கண் மங்கி, கை தளரும்போது படகிலிருந்து கரைக்கு இறங்குகிறார். வலையின் கிழிசல் பார்க்கிறார், ஏலத்தில் நிற்கிறார். கூட்டமும் பேச்சும் அவரை விட்டுப் போவதில்லை. படிப்படியாக இறங்குவது நல்லது என்று முதுமை பற்றி ஆராய்கிறவர்கள் சொல்வது அங்கே தானாக நடக்கிறது. ஆனால் நிறுத்தினால் சோறு இல்லை என்பதால்தான் அது நடக்கிறது. மாதம் 1200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஒருவர் வேறு என்ன செய்ய முடியும்? அதை அழகாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அதில் நானும் ஒருத்தி. மரியந்தாலில் வேகமாக நடந்த பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற முதல் நாள் நான் ஐந்து மணிக்கு எழுந்து காபி போட்டேன், குழம்பு வைத்தேன், பாத்திரம் கழுவினேன். எட்டு மணிக்குப் பள்ளிக்குப் போகவில்லை, அவ்வளவுதான் மாற்றம். என் நாளின் வடிவம் கலையவில்லை, ஆகவே எனக்குப் பழகச் சிரமமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஆனால் என்னிடம் மிஞ்சியது அடுப்பின் அட்டவணை. என்னிடமிருந்து போனது நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ‘டீச்சர்’ என்று கூப்பிடும் சத்தம். ஆணுக்கு நேரம் மீந்துவிடுகிறது, பெண்ணுக்கு அது கைக்கே வருவதில்லை. இருவருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. ஓய்வு பெற்ற பெண்ணுக்கு முதலில் தேவை, வாரத்தில் ஒரு நாளாவது யாராவது அவளை அடுக்களையிலிருந்து ஓய்வு பெற வைப்பது.

கணவரோடு பேச்சுவார்த்தை நடத்தினேன், தொழிற்சங்கத்துக்காரர் ஆயிற்றே, ஒப்பந்தத்தை மதித்தார். இப்போது வியாழக்கிழமைச் சமையல் அவருடையது. அன்று நான் தண்டையார்பேட்டையில் தோழி வீட்டுக்குப் போய், அவருடைய பேத்திக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. ரசத்துக்கு எலுமிச்சம்பழ அளவு புளி என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாயே, எந்த எலுமிச்சை, குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டார். பரணிலிருந்து புளியை இறக்கினீர்களா என்று முதலில் கேட்டேன்.